ஏழு நோட்டு, ஒரே வாக்கியம்

பஸ் ஸ்டாண்டில் யாராவது 'சார்' என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன். உடனே. முதல் குரலுக்கே.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை 'சார்' கேட்கும் என்று நின்று எண்ணிப் பாருங்கள். கண்டக்டரைக் கூப்பிடுகிற சார், முறுக்கு விற்கிற சார், வழி கேட்கிற சார், 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' சார்... அத்தனைக்கும் கழுத்தைத் திருப்புகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். என் மனைவி கூட வந்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

"உங்கள இல்லீங்க. அந்த ஆளு டிரைவரக் கூப்புடுறாரு" என்பாள்.

எனக்கும் தெரியும். ஆனாலும் கழுத்து சொன்ன பேச்சு கேட்பதில்லை. பத்து வருடப் பழக்கம்.

போன மாதம் அப்படித்தான் திருமானூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நல்ல மத்தியான வெயில். பின்னால் ஒரு 'சார்'. திரும்பினேன்.

இந்தத் தடவை எனக்கேதான்.

இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். மெல்லிய மீசை. சட்டையில், புருவத்தில், காதோரத்தில் எல்லாம் சிமெண்ட் பூத்திருந்தது. கையில் டிபன் கேரியர்.

"நல்லாருக்கீங்களா சார்? என்னயத் தெரியுதுங்களா?"

"தெரியாம என்னப்பா" என்றேன். பழைய மாணவனைப் பார்த்ததும் எல்லா வாத்தியாரும் சொல்கிற முதல் பொய் இது. அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். லேசாகச் சிரித்தான்.

"முருகேசன் சார். செந்துறைப் பக்கம். நைன்த் பி..." கொஞ்சம் நிறுத்தினான். "கெணறு, சார்."

அவ்வளவுதான். என் திருமானூர் பஸ் வந்தது, போயிற்று. அடுத்ததும் போயிற்று. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்தபோது மூன்றாவதும் போயிருந்தது.

அவன் சொன்னது என்ன? அதற்கு முன்னால் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — பேய், பிசாசுக்கு நான் இங்கே இடம் கொடுத்ததில்லை. இன்றைக்கும் கொடுப்பதாக உத்தேசம் இல்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன். நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்... முடிந்தால்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பி.எட். முடித்த சூடு ஆறாமல் செந்துறைக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வெள்ளைக் கல்லும் முந்திரிக் காடுமாக இருக்கும். தண்ணீர் இருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட். ஒன்பதாம் வகுப்பு. பாடம், ஐம்புலன்களின் வினைச்சொற்கள். ஸீ, ஹியர், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல்.

இந்த ஐந்தையும் நம் பிள்ளைகளுக்கு நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 'ஐ ஆம் ஹியரிங்' என்று சொல்லக் கூடாது, 'ஐ ஹியர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றால், ஏன் சார் என்பார்கள். நாம் வீட்டில் 'கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்' என்று சொல்கிறோமே? அதே மாதிரி, பார்ப்பதற்கு ஸீ ஒன்று, லுக் ஒன்று. கேட்பதற்கு ஹியர் ஒன்று, லிஸன் ஒன்று. எதற்கு வெட்டியாக இரண்டு?

அதற்கு நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். எங்கேயும் படித்ததில்லை. என் சொந்தச் சரக்கு.

"லுக்குங்கறது நீ செய்யற வேலை. ஸீங்கறது உனக்கு நடக்கற சமாசாரம். லிஸன் நீ செய்யறது. ஹியர் தானா நடக்கறது. கண்ணுக்கு இமை இருக்கு, மூடிக்கலாம். காதுக்கு மூடி இருக்கா? நீ கேக்க மாட்டேன்னு அடம் புடிச்சாலும் காதுல வந்து விழுந்துரும். அதுதான் ஹியர்."

வகுப்பு கப்சிப். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்த ஜோரில் வீட்டுப் பாடம் கொடுத்தேன். ஐந்து புலனுக்கு ஐந்து வாக்கியம். ஒரே நிபந்தனைதான் — எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். கைடைப் பார்த்து 'ஐ ஸீ எ மேங்கோ ட்ரீ' என்று எழுதினால் முட்டி பெயர்ந்துவிடும். உன் கண்ணில் பட்டது, உன் காதில் விழுந்தது, உன் மூக்கில் ஏறியது. அதை எழுது.

திங்கட்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன்பே நாற்பது நோட்டும் என் மேஜைக்கு வந்துவிட்டன. இந்த நேரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதே கால்.

திருத்த உட்கார்ந்தது சாயங்காலம். கையில் டீ, எதிரே நோட்டு அடுக்கு. ஆரம்பத்தில் ஒரே சிரிப்புதான். 'ஐ ஸ்மெல் மை பிரதர்' என்று ஒருவன். 'ஐ டேஸ்ட் சாக்பீஸ்' என்று இன்னொருவன். உண்மையை எழுதச் சொன்னால் இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே போனேன்.

பதினைந்தாவது நோட்டோ, பதினாறாவதோ. அதில், 'ஐ ஹியர் எ மேன் காலிங் ஃப்ரம் தி வெல்.'

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ஆள் கூப்பிடுவது எனக்குக் கேட்கிறது.

பரவாயில்லையே, கற்பனை உள்ள பிள்ளை என்று நினைத்தேன். வெல் என்ற வார்த்தைக்கு ஒரு 'எல்' குறைந்தது. சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.

அதிலும் அதே வாக்கியம். அதே ஒற்றை எல்.

இரண்டு நோட்டு தள்ளி, மறுபடியும். மொத்தம் ஏழு நோட்டுகள். பெயர்களைப் பார்த்தேன். ஏழு பேரும் ஒரே ஊர். பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருபது முப்பது வீடுகள் உள்ள சின்ன ஊர் ஒன்று உண்டு. அங்கிருந்து சேர்ந்தே நடந்து வந்து, சேர்ந்தே நடந்து போகிற கூட்டம். மற்ற நான்கு வாக்கியங்களும் ஆளுக்கு ஒரு தினுசாக இருந்தன. காதுக்கான வாக்கியம் மட்டும் ஏழிலும் ஒன்று.

உங்களுக்கு என்ன தோன்றும்? ஒரு இளம் வாத்தியாருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும்.

காப்பி.

ஏழு நோட்டிலும் குறுக்கே சிவப்பு மையில் 'காப்பிட்' என்று எழுதி, அன்றைய தேதியும் போட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். நான் தூங்கிய அந்த ராத்திரி ஒரு மனிதன் எங்கே கிடந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியட். ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தினேன்.

"யாரு முதல்ல எழுதினது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரப் பாத்து யாரு எழுதினீங்க?"

"அவங்கவங்களா எழுதுனதுதான் சார்." முருகேசன்தான் சொன்னான். அப்போது பென்சில் மாதிரி இருப்பான்.

"ஓகோ. ஏழு பேர் காதுலயும் ஒரே ஆள் கூப்பிட்டானா?"

"ஆமாங்க சார்."

"கிணத்துக்கு ஒரு எல் போதும்னு அவனே சொல்லிக் குடுத்தானா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிரம்பை எடுத்தேன். முருகேசன் கை நீட்டினான். அவனுக்கு இரண்டு. அடுத்தவனுக்கு இரண்டு. மூன்றாவதாக நின்றது செல்வி. எண்ணெய் வழியத் தலை வாரி, எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் பெண். கையை நீட்டவில்லை.

"இன்னிக்குக் காலைல வர்றப்ப கேட்டுச்சு சார்" என்றாள்.

"என்ன கேட்டுச்சு?"

"கெணத்துலேர்ந்து சார். ஆம்பளக் கொரலு. எல்லாருக்குந்தான் கேட்டுச்சு."

மற்ற ஆறு பேரின் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை. ஆறு பேரும் வெளிறிப் போயிருந்தார்கள்.

"கேட்டுச்சுன்னா எட்டிப் பாக்க வேண்டியதுதானே?"

செல்வி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று தெரியாதவனைப் பார்க்கிற பார்வை.

"ரெண்டு தடவதான் சார் கூப்புட்டுச்சு."

நாற்பது பேரும் தலையை ஆட்டினார்கள். நியாயம்தானே என்பது போல.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்குத் திரும்பக் கூடாது. இரண்டாவதற்கும் கூடாது. மனிதன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். மற்றது இரண்டோடு நிறுத்திவிடும். இதில் ஜாதி, மத வித்தியாசம் எல்லாம் கிடையாது. நான் ஏலாக்குறிச்சிப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். எங்கள் அம்மா, முதல் குரலுக்கு ஒரு 'சேசுவே', இரண்டாவதற்கு ஒரு 'மரியே' சொல்லிவிட்டு மூன்றாவதற்காகக் காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

நான் படித்தவன் அல்லவா? "மூடநம்பிக்கை" என்று ஐந்து நிமிஷம் சொற்பொழிவு செய்தேன். மீதி ஐந்து பேருக்கு அடியைத் தள்ளுபடி செய்து, 'நான் காப்பி அடிக்க மாட்டேன்' என்று ஏழு பேரும் ஐம்பது தடவை எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அதற்கே ஒரு பீரியட் போயிற்று.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. எலுமிச்சம்பழச் சாதம், எனக்குப் பிடித்தது. அந்தப் பெண்ணின் முகம் வந்து வந்து போயிற்று. டப்பாவை மூடிவிட்டு சைக்கிளை எடுத்தேன். வழி காட்ட முருகேசனைக் கேரியரில் ஏற்றிக்கொண்டேன்.

"எனக்குக் கை எரியுது சார்" என்றான் பின்னாலிருந்து.

வண்டிப் பாதை. இரண்டு பக்கமும் முந்திரி. உச்சி வெயிலில் நிழல் காலடியிலேயே கிடந்தது. வெள்ளைக் கல் பூமியில் வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது, கீழிருந்தும் அடிக்கும். குருவிச் சத்தம்கூட இல்லை. என் சைக்கிள் செயின் 'கிரீச் கிரீச்' என்கிறதே, அது எனக்குத் தாங்க முடியாத இரைச்சலாக இருந்தது.

அந்தக் கிணறு பாதையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி இருந்தது. யாரோ ஆசைப்பட்டு வெடி வைத்துத் தோண்டி, தண்ணீர் காணாமல் விட்டுவிட்டுப் போன பாழுங்கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. ஓரமெல்லாம் பொருக்கு மண்.

முருகேசன் பாதையிலேயே நின்றுவிட்டான். நான் மட்டும் நடந்தேன். ஓரத்துக்குப் பத்தடி முன்னால் நானும் நின்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

சரி, பிள்ளைகள் கதைதான் என்று மூச்சு விட்டேன். திரும்பக் காலெடுத்தேன்.

"யாரு..."

கீழேயிருந்து. மிக மெல்ல. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. உலர்ந்த ஓலை உரசுகிற மாதிரி.

"யாரு..."

அப்புறம் இல்லை.

"சார், வந்துருங்க! ரெண்டோட நின்னுருச்சு சார்!" முருகேசன் அழுகிற குரலில் கத்தினான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. நான் உடனே ஓடிப் போய் எட்டிப் பார்க்கவில்லை. பி.எட். படித்த நான், அன்று காலையில்தான் மூடநம்பிக்கையைப் பற்றிப் பிளந்து கட்டிய நான், அந்த இடத்தில் நின்று மூன்றாவது குரலுக்காகக் காத்திருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கலாம். இரண்டு நிமிஷமும் இருக்கலாம். வாய் தன்பாட்டில் 'சேசுவே, மரியே' என்று சொல்லி முடித்துவிட்டது.

மூன்றாவது குரல் வரவில்லை.

எது என்னைத் தள்ளியது என்று தெரியாது. நன்மைத்தனம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வெட்கம்தான் என்று நினைக்கிறேன். அடி வாங்கிய ஒரு பையன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறானே! குப்புறப் படுத்து, ஊர்ந்து போய், தலையை நீட்டினேன்.

அடியில் ஒரு மனிதர் கிடந்தார். பனியன், கைலி. ஒரு கால், மனிதக் கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு காலிச் சாக்கு. முகம் அண்ணாந்து என்னையே பார்த்தது. அவர் கண்ணில் இருந்ததும் பயம்தான். நான் மனிதன்தானா என்று அவருக்கும் சந்தேகம்.

முருகேசன் ஓடினான். பக்கத்து முந்திரிக் கொல்லையில் இருந்தவர்கள் வடக்கயிற்றோடு வந்தார்கள். அவர்களும் முதலில் பத்தடி தள்ளி நின்றுதான், "ஆளுதானா சார்? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். தூக்கி வண்டியில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார்.

பூலாம்பாடிக்காரர். பெயர் இப்ராகிம். முந்திரிக்கொட்டை வாங்க ஊர் ஊராகப் போகிற வியாபாரி. அந்த வார சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"புள்ளைங்க காதுல உளுந்துச்சாமே சார்? அல்லாதான் அதுங்க காதத் தொறந்து வெச்சிருக்கான்" என்றார்.

"ஏன் பாய், இன்னும் சத்தமா, விடாம கூப்பிட்டிருக்கலாமே?"

"ரெண்டு தடவ கூப்புட்டா மூணாவதுக்கு மூச்சு வரல சார். நெஞ்சு எலும்பு குத்துச்சு. கொஞ்ச நேரம் கெடந்துட்டு மறுபடியும் கூப்புடுவேன். மேல ஆளு போற சத்தம் கேக்கும். நடை வேகமாவும். அப்புறம் ஓடுற சத்தம். ஏன் சார் ஓடுனாங்க?"

நான் பேச்சை மாற்றினேன்.

"எப்படி பாய் விழுந்தீங்க?"

"திங்கக்கெழம காலைல சார். பத்து மணி இருக்கும். பாதையோட போயிக்கிட்டிருந்தேன். கெணத்துக்குள்ளேர்ந்து ஒரு ஆளு கூப்புட்டாரு. ரெண்டு தடவ. அய்யோ, எவனோ உளுந்துட்டான் போலருக்கேன்னு ஓடிப் போயி எட்டிப் பாத்தேன். ஓரத்து மண்ணு சரிஞ்சிருச்சு."

"உள்ள யாரு இருந்தா?"

"யாரும் இல்ல சார்" என்றார் பாய். "அப்புறம் நான்தான் இருந்தேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு அந்த நோட்டுகளின் ஞாபகம் வந்தது. பாய் விழுந்தது திங்கட்கிழமை காலை பத்து மணி. நோட்டுகள் என் மேஜைக்கு வந்தது ஒன்பதே கால். பிள்ளைகள் எழுதியது அதற்கும் முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை.

அப்படியானால் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்டது யாரை?

எங்கள் சயன்ஸ் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "பாழுங்கிணத்துல மாடப்புறா இருக்கும். பொந்துல உக்காந்து முனகினா ஆள் கூப்பிடற மாதிரிதான் இருக்கும். பிள்ளைங்களுக்கும் அதுதான் கேட்டிருக்கும், பாய்க்கும் அதுதான்" என்றார். நல்ல பதில். அழகான பதில். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். புறா கூப்பிட்டது, ஏழு பிள்ளைகள் கேட்டார்கள், பாய் ஏமாந்தார். தீர்ந்தது விஷயம். காப்பி என்று பழி போட்டதற்காக ஏழு பேரிடமும் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன். முதல் குரலுக்கே திரும்பும் பழக்கத்தையும் அன்றிலிருந்துதான் வைத்துக்கொண்டேன். யாரோ ஒருவருக்கு மூன்றாவது தடவை கூப்பிட மூச்சு இல்லாமல் இருக்கலாம் அல்லவா?

பத்து வருடம் இந்த ஏற்பாடு எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. போன மாதம் வரையில்.

டீக்கடை பெஞ்சில் முருகேசன் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பாய் வருசா வருசம் முந்திரி சீசனுக்கு எங்க வூட்டுக்கு வருவாரு சார். ஒரு கால இழுத்துக்கிட்டு. 'நீ கேட்டதாலதாம்பா நான் பொழச்சேன்'ன்னு எம் புள்ள தலையில கை வெச்சுட்டுப் போவாரு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசும் சார்."

"ஏன்? உண்மைதானே?"

"இல்ல சார்." தலையைக் குனிந்தான். "நாங்க காப்பிதான் சார் அடிச்சோம்."

பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம நாங்க யாரும் அந்தப் பக்கமே போகல சார். அய்யனார் கோயில் வேப்ப மரத்தடியில ஏழு பேரும் வட்டமா உக்காந்து எழுதுனோம். காதுக்கு மட்டும் என்ன எழுதுறதுன்னே தெரியல. பக்கத்துல இருந்தவ எழுதுனதப் பாத்து எழுதிட்டேன். அர்த்தங்கூட சரியாத் தெரியாது. செவ்வாக்கெழம காலைல நெசமாவே கெணத்துலேர்ந்து கொரல் வந்தப்ப... சார், நாங்க எழுதுனதுதான் எந்திரிச்சு வந்துருச்சுன்னு ஓடுனோம்."

"சரி... யாரோ ஒருத்தர் வெளையாட்டா எழுதியிருக்கீங்க. மத்தவங்க காப்பி அடிச்சிருக்கீங்க. அவ்வளவுதானே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த ஒருத்தர் யாருன்னு தெரிஞ்சாப் போதும்னு கல்யாணம், காதுகுத்துன்னு பாக்குற எடத்துலல்லாம் ஒவ்வொருத்தராக் கேட்டேன் சார். நான் செல்வியப் பாத்து எழுதுனேன். செல்வி அவ பக்கத்துல இருந்தவனப் பாத்து எழுதுனாளாம். அவன் அவனுக்கு அந்தாண்ட இருந்தவனப் பாத்து. இப்படியே சுத்திக்கிட்டு வந்துச்சு சார். கடைசியா பாக்கி இருந்தது கோவிந்தன். அவன் பட்டாளத்துல இருந்தான். பொங்கலுக்கு லீவுல வந்தப்ப புடிச்சுக் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"என்னயப் பாத்து எழுதுனேங்கறான் சார்."

டீக்கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் யாரோ யாரையோ 'சார், சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து வருடத்தில் முதல் தடவையாக நான் திரும்பவில்லை.

"ஒருத்தர்தான் மிச்சம் சார்" என்றான் முருகேசன். "நீங்க போர்டுல ஏதாச்சும் எழுதிப் போட்டீங்களா? அந்த வெள்ளிக்கெழம? நீங்க எழுதுனதாத்தான் இருக்கும் சார். நாங்க எல்லாரும் போர்டப் பாத்துட்டு மறந்துருப்போம். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், நான் நிம்மதியாத் தூங்குவேன்."

அவன் கண்ணைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. 'ஆமாம்பா, நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய்தானே? ஏற்கெனவே ஒன்று சொன்னவன்தானே நான்? வாய் வரவில்லை. நான் போர்டில் எழுதியது, 'ஐ ஹியர் எ டிரெயின்.' நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரயில் சத்தம், ரயில் வண்டி. கிணறு இல்லை. ஆள் இல்லை.

நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

"பாத்துச் சொல்றேம்பா" என்றேன்.

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வாத்தியார் வேலையில் ஒரு சம்பிரதாயம் உண்டு. அடுத்த வாரம் என்ன பாடம், போர்டில் என்ன உதாரணம் எழுதப் போகிறோம் என்று முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி ஹெட்மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நோட்ஸ் ஆஃப் லெசன் என்று பெயர். அந்த வருடத்து நோட்டு என் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், அடியில் இருக்கிறது. ஏணி வைத்து ஏறினால் பத்து நிமிஷ வேலை.

ஏணியை எடுத்து வந்து சுவரில் சாத்தி வைத்தேன். அது சாத்தியபடியே நிற்கிறது. எதற்கு என்று மனைவி கேட்டாள். ஒட்டடை அடிக்க என்று சொல்லியிருக்கிறேன்.

முருகேசனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'சார், பார்த்தீர்களா?' அவ்வளவுதான் எழுதியிருந்தான். போன வாரம் இன்னொன்று. அதே இரண்டு வார்த்தை.

ஊரில் எவன் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே திரும்புகிறவன் நான்... இதற்கு மட்டும் மூன்றாவது வரட்டும் என்று இருக்கிறேன்.